நிறுவனரின் சந்தனப் பொட்டு

மாலையைக் கழற்றியதும் விரல்கள் தெரிந்தன. சந்தனச் சீவலில் கட்டிய கனத்த மாலை. வருஷா வருஷம் நிறுவனர் தினத்தன்று பழசை எடுத்த கையோடு புதுசைப் போட்டுவிடுவார்கள், அதனால் படத்தில் மார்புக்குக் கீழே என்ன இருக்கிறது என்று இந்தக் கல்லூரியில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்பது குற்றாலலிங்கத்துக்கு இப்போதுதான் உறைத்தது. டார்ச்சை அணைத்தார். மறுபடி போட்டார். நிறுவனர் நெல்லைநாயகம் பிள்ளைக்கு இடது கை ஆள்காட்டி விரல் பாதிதான், மீதி ஜின்னிங் மில்லில் பஞ்சோடு போய்விட்டது, இது முதலாண்டு மாணவனுக்குக்கூடத் தெரிந்த கதை, மில்லுக்கு ஒரு விரலைக் கொடுத்தார் கல்விக்கு ஒன்பது விரலைக் கொடுத்தார் என்று எல்லா மேடையிலும் யாராவது ஒருவர் சொல்வார், நிறுவனருக்கு ஒன்பதுக்கு மேல் எண்ண வராதுல என்று பின்வரிசைப் பையன்கள் சிரிப்பார்கள். படத்திலோ அந்த விரல் முழுசாக இருந்தது. தடித்த புத்தகத்தின் மேல் ஒய்யாரமாகச் சாய்ந்து, வெளுப்பாக, நீளமாக, நுனியில் நகத்தோடு. பஞ்சு வியாபாரியின் கை இல்லை அது. வீணை வாசிக்கிறவனின் கை. படத்தைச் சுவரிலிருந்து இறக்கி மாடி அறையில் நீள மேஜை மேல் வெள்ளைப் போர்வை விரித்துக் கிடத்தியிருந்தார்கள், கிடத்தி என்ற வார்த்தை மனசில் வந்ததும் அவர் வேறு பக்கம் பார்த்தார், வேறு பக்கத்தில் அவருடைய கைப்பேசி குப்புறக் கிடந்தது. அதையும் பார்க்கவேண்டாம் என்றுதான் குப்புறப் போட்டிருந்தார். மத்தியானம் மகள் சங்கரி ஒரு படம் அனுப்பியிருந்தாள். “பாத்துட்டுச் சொல்லுங்கப்பா, சாயங்காலத்துக்குள்ள ஸ்டூடியோல ஓகே சொல்லணும், வெள்ளிக்கிழமை அம்மா திதிக்கு ஃப்ரேம் போட்டு வந்துரணும்.” ஒருமுறை திறந்து பார்த்தார். அதற்குப் பிறகுதான் சாப்பாடு இறங்கவில்லை.

புது ஆடிட்டோரியத்தில் படத்தை மாட்டப் போகிறார்கள். கீழே பித்தளைத் தகடு. யார் வரைந்தது, எந்த வருஷம், இரண்டு வரி போதும் சார் என்று செயலர் சொல்லியிருந்தார். குற்றாலலிங்கம் வரலாற்றுத் துறைத் தலைவர், வேறு எதற்கு இருக்கிறார். கல்லூரியில் வழிவழியாகச் சொல்லிவருவது இது: கல்லூரி திறந்த வருஷம் நிறுவனர் நாள்கணக்கில் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருக்க, திருவாங்கூர் அரண்மனை ஓவியர் ஒருவர் வந்து வரைந்தார். குற்றாலலிங்கமே இதைக் கல்லூரி மலரில் எழுதியிருக்கிறார். ஆனால் படத்தில் இருக்கும் கோட்டு அவர் ஏற்கெனவே பார்த்தது. கறுப்பு நீளக் கோட்டு, தங்கக் கடிகாரச் சங்கிலி, மேலிருந்து மூன்றாவது பித்தான் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் துளை. சாத்தூர்ப் பக்கம் ஒரு பழைய வீட்டில் இதே கோட்டு, இதே சங்கிலி, இதே பித்தானில்லாத துளை, இதே வீணைக்காரக் கை, மேலே மட்டும் வேறொரு மீசை வைத்த முகம் இருந்ததைப் பத்து வருஷத்துக்கு முன்னால் பார்த்திருக்கிறார். அன்றைக்கு அந்த வீட்டுக்காரர் கொடுத்த பதனீரை நினைவிருக்கிறது, படத்தை யோசிக்கவில்லை. இப்போது யோசித்தால் எல்லாம் வரிசையாக வந்து நிற்கிறது. அரண்மனையும் இல்லை ஒன்றும் இல்லை, ஏதோ ஒரு ஊரில் ஒரு பட்டறை, மழைக்காலத்தில் வேலை இல்லாதபோது கோட்டும் நாற்காலியும் புத்தகமும் கையும் வரைந்து சாத்தி வைத்துவிடுவார்கள், கழுத்துக்கு மேலே வெறும் துணி. ஆர்டர் வந்தால், அனுப்பிய போட்டோவைப் பார்த்து முகம். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் கழுத்தோரத்தில் அது தெரிகிறது, முகத்தின் மாநிறம் காலரின் வெள்ளை மேல் ஏறி நிற்கிறது, நன்றாகக் காய்ந்து வெடித்த வெள்ளைக்கு மேல் பிறகு வந்த மாநிறம். தலை இல்லாத கோட்டுகள் இருட்டில் வரிசையாகச் சாய்ந்து நிற்பது கண்முன் வந்தது. ஆனால் அதிலென்ன. சங்கரி அனுப்பிய படத்திலும் அப்படித்தானே. அவள் அம்மா பிரமு ஒருநாளும் கட்டாத அரக்குப் பட்டு, ஒருநாளும் போடாத இரட்டை வடச் சங்கிலி, ஸ்டூடியோவில் உடம்பு ரெடியாக வைத்திருக்கிறார்கள், எந்தப் புடவை வேண்டும் என்று கேட்டுக் கழுத்துக்கு மேலே ஒட்டிவிடுகிறார்கள். புடவை போகட்டும். புடவையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

கண். அதுதான். நிறுவனரின் மூக்கு நிழல் இடது பக்கம் சாய்கிறது, அப்படியானால் வெயில் வலது பக்கத்திலிருந்து வருகிறது. கோட்டின் மடிப்புகளில் வெளிச்சம் இடது பக்கம். சரி, கோட்டை ஒரு நாள் வரைந்தான், முகத்தை ஒரு நாள் வரைந்தான். ஆனால் கண்ணுக்குள் இருக்கும் அந்தச் சின்ன வெள்ளைப் புள்ளி இரண்டும் இடது பக்கம் இருக்கின்றன. முகத்தில் இருக்கிற கண் முகத்தின் வெயிலைப் பார்க்கவில்லை. கோட்டின் ஜன்னலைப் பார்க்கிறது. கண் கோட்டோடு வந்தது. ஏன், கண் மட்டும் ஏன், போட்டோவைப் பார்த்து மூக்கையும் காதையும் காதோர மருவையும் மயிர் பிசகாமல் வரைந்தவன் கண்ணை மட்டும் ஏன் கைப்பழக்கத்தில் போட்டான், போட்டோவில் கண் இல்லாவிட்டால்தானே, இல்லை, இருந்தது, மூடியிருந்தது. பிரமுவுக்கும் எல்லாப் படத்திலும் கண் மூடியிருக்கும். கேமராவைத் தூக்கினால் போதும், சரியாக அந்த நொடியில் சிமிட்டிவிடுவாள், நான் என்ன செய்ய, அது பாட்டுக்கு மூடிக்கிடுது என்பாள். கல்யாணப் படத்தில்கூட மாலைக்கு மேலே தூங்குகிற மாதிரி இருப்பாள். சங்கரி தேடித் தேடி, யாருடைய வளைகாப்பிலோ எடுத்த ஒன்றைக் கண்டுபிடித்தாள், முகம் நேராக, சிரிப்பு கொஞ்சமாக, இமை மட்டும் இறங்கி. ஸ்டூடியோக்காரன் கண்ணைத் திறந்துவிடலாம் என்றானாம். “என் கண்ணத்தான்பா எடுத்து வச்சிருக்கான், அம்மாவுக்கும் எனக்கும் ஒரே கண்ணுதானன்னு எல்லாரும் சொல்லுவாங்கல்லா, பொருந்திட்டு பாருங்க.” பொருந்திவிட்டது. அதுதான் பயம். மத்தியானத்திலிருந்து பிரமுவை நினைத்தால், எங்கே நின்று நினைத்தாலும், அந்தக் கண்ணோடுதான் வருகிறாள். அதற்கு முன்னால் அவள் கண் எப்படி இருந்தது? சங்கரி மாதிரித்தான் இருந்தது, எல்லோரும் சொல்வார்கள், அவரும் சொல்லியிருக்கிறார். ஆனால் மாதிரி என்பது அதுவே இல்லையே. ஒரு வருஷம் நிறையவில்லை, அதற்குள் மனைவியின் கண்ணை மறந்த மனுஷன் நூறு வருஷத்துப் படத்துக்குத் தேதி சொல்ல வந்திருக்கிறான்.

நெற்றிக்கு வந்தார். நெற்றியில் புருவமத்திக்குச் சற்று மேலே அந்தப் பொட்டு. கல்லூரியில் அதற்கு ஒரு மரியாதை உண்டு. பட்டையாகத் திருநீறு இடுகிற குடும்பத்தில் பிறந்தவர் ஏன் இத்தனை பெரிய வட்டச் சந்தனம் வைத்தார் என்று யாரும் கேட்டதில்லை, நிறுவனர் அப்படி வைத்திருந்தார், அவ்வளவுதான். கல்லூரிக் கொடியில் அந்த வட்டம் உண்டு. நிறுவனர் தினத்தன்று வாசலில் குழைத்த சந்தனத்தோடு என்.எஸ்.எஸ். பிள்ளைகள் நிற்பார்கள், வருகிற எல்லோர் நெற்றியிலும் அதே அளவில் வட்டம் வைத்துத்தான் உள்ளே விடுவார்கள். டார்ச் சாய்ந்திருந்தது. பொட்டுக்குக் கீழே, இடது ஓரமாக, பிறை மாதிரி ஒரு கறுப்புக் கோடு. அழுக்கோ என்று பஞ்சால் ஒற்றினார். அழுக்கில்லை. வரைந்தது. நிழல். மூக்கு நிழல் எந்தப் பக்கமோ அந்தப் பக்கமே. சந்தனத்துக்கு எங்காவது நிழல் விழுமா? தடிமன் இருக்கிற பொருளுக்குத்தான் நிழல் விழும், விளிம்பு இருக்கிற பொருளுக்கு, வட்டத்தைச் சுற்றி மெல்லிசாக ஒரு வெளிச்ச விளிம்பு ஓடுகிறதே அப்படி இருக்கிற பொருளுக்கு. குற்றாலலிங்கம் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். இந்த நிழலை அவர் பார்த்திருக்கிறார். கூடத்து டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்தார். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவளை மூன்றாம் நாள் கூடத்தில் தெற்கே தலை வைத்துக் கிடத்தி, அவளுடைய அண்ணன் நெற்றியில் காசு வைத்தார், குங்குமத்தை அப்பியிருந்ததால் நிற்காமல் வழுக்கிக் காதுப்பக்கம் போயிற்று, யாரும் கவனிக்கவில்லை, அவர்தான் எடுத்து மறுபடி வைத்து ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். விரலை எடுத்ததும் காசுக்குக் கீழே இப்படி ஒரு பிறை. அதையே பார்த்துக்கொண்டிருந்தார், வேறெங்கே பார்ப்பது என்று தெரியாமல்.

செத்தவரை நாற்காலியில் உட்காரவைத்துப் படம் எடுத்திருக்கிறார்கள். முற்றத்தில், நல்ல வெயிலில். வாய் திறந்துவிடாமல் நாடியைத் தலையோடு சேர்த்துக் கட்டின துணி இதோ, காதுக்கு முன்னால் இறங்குகிறது, ஓவியன் அதைத் தலைப்பாகையின் ஒரு சுற்று என்று நினைத்துச் சரிகை போட்டிருக்கிறான். காசைச் சந்தனம் என்று நினைத்து மஞ்சளைக் குழைத்திருக்கிறான். அவனுக்கு வந்தது கறுப்பு வெள்ளைப் படம், கண்ணைத் திறந்து கோட்டுப் போட்டு அனுப்பு என்று யாரோ சொல்லியிருப்பார்கள், காசை எடுத்துவிடு என்று சொல்ல மறந்திருப்பார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு அதைச் சொல்லவேண்டும் என்றே தோன்றியிருக்காது, அவர்களுக்கு அது காசுதான், எல்லோருக்கும் தெரிந்த காசு. பெட்டியில் படம் வந்து இறங்கியபோது பார்த்திருப்பார்கள். பார்த்துவிட்டுச் சும்மா இருந்திருப்பார்கள். எல்லாம் அவருக்குத் தண்ணீர் மாதிரித் தெளிந்துவிட்டது, தெளிந்ததும் அதன் அடியில் மைதானம் தெரிந்தது. நிறுவனர் தினக் காலையில் கொடிக்கம்பத்தைச் சுற்றி வரிசை வரிசையாகப் பிள்ளைகள், தாவணியும் சட்டையுமாக, சிரித்துக்கொண்டு, ஒருத்தியை ஒருத்தி கிள்ளிக்கொண்டு, ஒவ்வொரு நெற்றியிலும் ஒரு காசு. நூறு வருஷத்துப் பிள்ளைகள். வெயிலில் ஒவ்வொரு காசுக்குக் கீழும் ஒரு பிறை. முன்வரிசையில் அவரும். அவர் கை தன்னாலே போய்த் தன் நெற்றியைத் தடவிப் பார்த்தது. வியர்வைதான்.

“என்ன சார்வாள், படத்துக்கு முன்னால தவம் இருக்கிய?” செயலர் நமச்சிவாயம் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். நிறுவனரின் கொள்ளுப்பேரன், குற்றாலலிங்கத்தை விடப் பத்து வயது சின்னவர், இதே கல்லூரியில் அவரிடம் படித்தவர், கேலிக்குச் சார்வாள் என்பார், ஆனால் நின்றுகொண்டுதான் பேசுவார். தினமும் அந்தப் பொட்டு வைக்கிற ஒரே ஆள். குற்றாலலிங்கம் அவர் நெற்றியைப் பார்த்தார், உடனே தரையைப் பார்த்தார். “தகட்டுக்காரன் உயிரை வாங்குதான் சார். ரெண்டு வரி. அரண்மனை ஓவியர் பேரு கெடச்சுதா?” “அரண்மனை இல்ல. ஏதோ ஒரு பட்டறை. பேரு தெரியாது.” “சரி, அரண்மனைய விட்டுருவோம். அதுக்கு எங்க சித்தப்பாதான் சண்டைக்கு வருவாரு, நான் பாத்துக்கிடுதேன். வருஷம்?” “நாம சொல்ற வருஷம் இல்ல. ஏழு வருஷம் கழிச்சு.” நமச்சிவாயம் மனக்கணக்குப் போட்டார். சிரிப்பு கொஞ்சம் கீழே இறங்கிற்று. “அது தாத்தா தவறுன வருஷம்லா?” “ஆமா.” “அப்போ... அவரு இதுக்கு உக்காரவே இல்லையா சார்? சின்னதுல எங்க ஆச்சி சொல்லுவா, உக்காந்த மனுஷன் அசையவே இல்லையாம், ஈ உக்காந்தாக்கூட ஓட்டலையாம். அத நான் எத்தன மேடைல சொல்லியிருக்கேன்.” குற்றாலலிங்கம் அந்த ஈயைப் பார்த்தார். முற்றத்து வெயிலில், மூக்கருகே. அந்த வீட்டில் யாரோ உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள், சின்னப்பிள்ளைக்குச் சொல்லக்கூடிய அளவுக்குச் சொல்லியிருக்கிறார்கள். சொல்லிவிடலாம். நமச்சிவாயம் கெட்டவன் இல்லை. ஆனால் நாளைக் காலையில் கண்ணாடிக்கு முன்னால் நின்று சந்தனத்தில் விரலைத் தொடும்போது இவன் என்ன செய்வான்? “உக்காந்திருந்தாரு” என்றார் குற்றாலலிங்கம். “அதுல சந்தேகமே இல்ல. அவரப் பாத்து எடுத்த படத்த வச்சுத்தான் வரைஞ்சிருக்கான்.” “அது போதும் சார்வாள்” என்று நமச்சிவாயம் மூச்சு விட்டார். “போட்டோவப் பாத்துத்தானே, இப்போ எல்லாரும் அப்படித்தான. ஒரு விரலு கூட இருக்கே, அத யாரும் கேட்டா?” “மாலையப் போட்டுருங்க.” நமச்சிவாயம் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார். படிக்கட்டில் பாதிவரை அந்தச் சிரிப்பு கேட்டது.

பொய் சொன்னேனா, என்று கேட்டுப் பார்த்தார். பொய் இல்லை. இவ்வளவு பொருத்தமாக ஒரு வாக்கியம் வாயில் வந்ததுதான் உறுத்தியது, எத்தனை வருஷப் பழக்கமோ. கண்ணைத் திறக்கச் சொன்னது யாராயிருக்கும்? நிறுவனரின் மனைவியாகத்தான் இருக்கும். அவள் பெயர் கல்லூரியில் யாருக்கும் தெரியாது, பழைய மலர்களில் ‘நிறுவனரின் இல்லாள்’ என்று மட்டும் வரும். அதற்குப் பிறகு ரொம்ப காலம் இருந்தாள் என்று கேள்வி. படம் வந்த முதல் நாள் அவள் அதன் முன்னால் நின்றிருப்பாள். விரலைப் பார்த்திருப்பாள், பாதி விரலை ராத்திரியில் பிடித்துக்கொண்டு தூங்கியவளுக்குத் தெரியாதா. காசைப் பார்த்திருப்பாள். பிறகு கண்ணை. யாரோ பட்டறைக்காரன் எல்லோருக்கும் போடுகிற கண். முதல் நாள் இது இல்லை என்று சொல்லியிருப்பாள். மறு வருஷம்? பத்து வருஷம் கழித்து? கனவில் அவர் வந்து ஏட்டி என்று கூப்பிட்டபோது எந்தக் கண்ணால் பார்த்தார்? பிரமுவின் கண்ணை நினைவில் பிடிக்க இன்னொரு வழி இருக்கிறது, நிறுவனர் தினக் காலை. வாசலில் பிள்ளைகள் வைக்கும் சந்தனம் கோணிப்போகும் என்று வீட்டிலேயே அவள் மோதிர விரலால் வைத்துவிடுவாள். “நல்லா வட்டமா இருக்கணும்லா, இல்லைன்னா பிள்ளைவாள் கோவிச்சுக்கிடுவாரு.” நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு, மூச்சு முகத்தில் படும் தூரத்தில். முகத்துக்கு முகம். அவ்வளவு பக்கத்தில் பார்க்காமலா இருந்திருப்பார். அந்தக் காலையைக் கூப்பிட்டார், வந்தது, சந்தனக் கிண்ணம் வந்தது, அவள் முன்கைச் சூட்டுத் தழும்பு வந்தது, பிறகு குளிர்ச்சி வந்தது, நெற்றியில் சந்தனம் பட்ட குளிர்ச்சி, அதோடு எல்லாம் இருட்டு. சந்தனம் பட்டதும் ஒவ்வொரு வருஷமும் அவர்தான் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

கைப்பேசி குப்புறக் கிடந்தபடியே அதிர்ந்து மேஜையில் நகர்ந்தது. “அப்பா, பாத்தீங்களா இல்லையா? ஸ்டூடியோல ரெண்டு தடவ கூப்பிட்டுட்டான்.” “பாத்தேம்மா.” “எப்படி இருக்கு?” “புடவை...” “அப்பா, புடவைய மாத்தலாம், சொல்லுங்க. மாம்பழக் கலர் இருக்கு.” “புடவை இருக்கட்டும். சங்கரி, அந்தக் கண்ணு... பழைய படத்துல இருந்த மாதிரியே விட்டுட்டா என்ன? மூடியிருந்தா இருக்கட்டுமே. அவ அப்படித்தான இருப்பா எல்லாப் படத்துலயும்.” அந்தப் பக்கம் குக்கர் விசில் கேட்டது. அவள் அடுப்பை அணைத்தாள். “வேண்டாம்பா” என்றாள், குரல் தணிந்து. “கண்ண மூடுன அம்மாவ நான் பாத்தது போதும்.” அவர் கைப்பேசியை மறு காதுக்கு மாற்றினார். “ஆஸ்பத்திரில நீங்க பில்லு கட்டப் போயிட்டிய. நான்தான் பக்கத்துல இருந்தேன். அம்மா அம்மான்னு கூப்பிட்டுப் பாத்தேன், கொஞ்சம் தொறந்து மூடிட்டாப்பா, அவ்வளவுதான். திதியன்னிக்கு வந்து உக்காந்து அதையே பாக்க என்னால முடியாது. சுவத்துலயாவது தொறந்திருக்கட்டும்.” அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவரால் வேறு ஏதாவது சொல்லியிருக்க முடியும். அவர் அறையில் கிடந்த படத்தைப் பார்த்தார், அது மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது, அந்தப் பெயர் தெரியாத அம்மாள் பட்டறைக்காரனுக்கு என்ன சொல்லி அனுப்பியிருப்பாள் என்று அவருக்குக் கேட்டது, இதே குரலில் கேட்டது. “நல்லா இருக்கும்மா” என்றார். “நெசமாவா?” “நெசமாத்தான். ஓகே சொல்லிரு. அம்மா மாதிரியே இருக்கு.” “எனக்குத் தெரியும்பா, உங்களுக்குப் புடிக்கும்னு” என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு வைத்துவிட்டாள்.

இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது, என்று நினைத்தார். வெள்ளிக்கிழமைவரை. சுவரில் ஏறிவிட்டால் பிறகு தினமும் காலையிலும் சாயங்காலமும் விளக்கேற்றும்போதும் அதுதான், அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை அவளாக வந்துவிட்டால் போதும். ஜன்னலுக்கு வெளியே கடைசி மணி அடித்து, சைக்கிள் ஸ்டாண்டில் பெடல்கள் முட்டிக்கொள்ளும் சத்தம் எழுந்தது. அவர் கண்ணை மூடினார். முகத்தைத் தேடவேண்டாம், தேடினால் சங்கரியின் கண்தான் முந்திக்கொள்கிறது, எதையும் தேடாமல் இருப்போம். வந்தது ஸ்கூட்டர். பைபாஸ் ரோட்டில், வேப்பமரங்களுக்கு நடுவே, சாயங்காலம். பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்திருக்கிறாள், ஒரு கை அவர் தோளில், வண்டியின் வலது பக்கக் கண்ணாடியில் அவளுடைய காதும், தோட்டின் சிவப்புக் கல்லும், கன்னத்தில் ஒரு விரல் அகலமும் தெரிகின்றன. அவ்வளவுதான் தெரியும், எப்போதும் அவ்வளவுதான் தெரிந்தது, அவள் பின்னால் போகிற ரோட்டைப் பார்த்துக்கொண்டு வருவாள், அதில் என்ன இருக்கிறதோ. இது எந்தப் படத்திலும் இல்லை. இதில் யாரும் கை வைக்கவில்லை. காற்றில் முடி பறந்து கன்னத்தை மறைத்தது, விலகியது. பிரமு, என்று கூப்பிட்டார், காற்றில் கேட்டிருக்காது, இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டார், பிரமு, இங்க பாரு, ஒரு தடவ பாரு. என்னவாம் என்று கண்ணாடியில் அந்தக் காது அசைந்தது, கன்னம் அகலமானது, அவள் திரும்பினாள். மகளின் கண்ணால் அவரைப் பார்த்தாள்.